தேடல் கட்டணம்

மூன்றாம் முறையாக ஏலத்துக்கு வருகிறது
ஜெலுத்தோங்கில் அந்த மாடி வீடு.
முதலில் மூன்று லட்சத்து எண்பதாயிரம் வெள்ளி,
பிறகு பத்து விழுக்காடு கழிவு,
பிறகு அதிலும் பத்து.
விலை இறங்க இறங்க
எனக்குப் பசி ஏறும்.

இரவு ஷிப்ட் முடித்த கண்ணோடு
நில அலுவலகத்தில் எண் எடுத்து உட்கார்ந்தேன்.
இருநூற்றுப் பதினான்கு.
கவுண்டரில் நோர்லைலா
லாட் எண்ணைக் கேட்டாள்,
ஏனென்று கேட்கவில்லை.
பணம் கட்டினால்
யார் வீட்டுக்குள்ளும் யாரும் போகலாம்,
செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம்.

மூன்று தாள், இன்னும் சூடாக.
நூற்று இருபத்தொரு சதுர மீட்டர்.
நிரந்தர உரிமை.
முனுசாமி மகன் தணிகாசலம், முழுப் பங்கு.
1998, வங்கிக்கு அடமானம்.
2011, மீட்பு.
அன்று பாயசம் வைத்திருப்பார்கள்.
2014, வேறு வங்கி, மறுபடி அடமானம்.
2016 மார்ச்சில் ஒரு கேவியட்:
போட்டவர் சின்னப்பன் மகள் அமிர்தவள்ளி,
முகவரி அதே வீடு.
பத்தொன்பதாம் நாள் திரும்பப் பெற்றிருக்கிறார்.
2017-இல் மறுபடி போட்டிருக்கிறார்.
இந்த முறை முகவரி
பட்டர்வொர்த்தில் ஏதோ ஒரு பிளாட், பதினோராம் மாடி.

பிறகு ஒன்றுமில்லை.
கேவியட்டுக்கு ஆயுள் ஆறு ஆண்டு.
யாரும் எடுக்காமலே
பால் பாக்கெட் மாதிரி காலாவதியாகும்.

அந்தப் பத்தொன்பது நாளில்
என்ன சொல்லி, எதன்மேல் சத்தியம் செய்து
அவரைக் கவுண்டருக்குத் திருப்பி அனுப்பினான்?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
எனக்கும் அது வேண்டாம்.
தடையேதும் மிச்சமில்லை என்பதே வேண்டும்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: சுத்தம்.

சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன்.
தண்ணீர் மீட்டர் முள் அசையவில்லை.
நில வரி இரண்டு ஆண்டு பாக்கி,
வீட்டு வரி ஏழு தவணை.
கேட்டில் ஏல அறிவிப்பு,
அதன் மேலேயே யாரோ
குழாய் பழுதுபார்ப்பவர் நம்பரை ஒட்டியிருந்தார்கள்.
பக்கத்து வீட்டுச் சீனர் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டே
மலாயில் சொன்னார்:
ஆள் போய் இரண்டு வருஷமாகிறது.
அந்த அம்மா மட்டும் மழைக்கு முன்னால் வரும்,
சாக்கடையைக் குத்திவிட்டு
அடுத்த பஸ்ஸில் போய்விடும்.

குறித்துக்கொண்டேன்:
வடிகால் நல்ல நிலை.

ஏலத்தன்று சட்டைப்பையில் வங்கி டிராஃப்ட்,
முப்பதாயிரத்து எழுநூற்று எண்பது.
கையெழுத்து நோட்டில் எனக்கு மேல் வரியில்
அந்தப் பெயர்.
முதல்முறை அதை மையில் பார்த்தேன்,
'வ'வின் சுழி கோட்டைத் தாண்டி நீண்டிருந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.
பள்ளிக் கேண்டீனிலிருந்து நேராக வந்தவர் போல
கையில் மஞ்சள் கறை.
பிளாஸ்டிக் பைக்குள் ஐசி, டிராஃப்ட், மடக்குக் குடை.
ஏலக்காரர் விலையைச் சொன்னதும் கை தூக்கினார்.
வேறு யாரும் அசையவில்லை.

என் கை போனது.
ஐயாயிரம் கூட.

பழக்கம் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன்.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.
குடையைப் பிடித்துக்கொண்டு
இன்னும் ஐயாயிரம் என்றார்.
அந்தக் குரலை நான்
மூன்று தாளிலும் எங்கேயும் படிக்கவில்லை.
கையை மடியில் வைத்துக்கொண்டேன்.
சுத்தியல் விழுந்தது.

எட்டு மாதம் கழித்து
சுங்கை டுவாவில் ஒரு கடைவீடு,
அதே கவுண்டர், வேறு எண்.
கூடவே, தேவையே இல்லாமல்,
ஜெலுத்தோங் லாட்டுக்கும் கட்டணம் கட்டினேன்.

சின்னப்பன் மகள் அமிர்தவள்ளி, முழுப் பங்கு.
கீழே ஓர் அடமானம்.
அதற்குள் எங்கோ
நான் ஒரே ஒரு முறை கை தூக்கிய பத்தாயிரம்,
அவர் பல்லைக் கடித்துக் கட்டும் தவணையாக.
அது யாரால் என்று
எந்தப் பக்கத்திலும் பதிவாகவில்லை.

லாட் எண் சரிதானே, என்றாள் நோர்லைலா,
முத்திரையைத் தூக்கிப் பிடித்தபடி.
சரி, என்றேன்.